நாலு விரல் உயரம்

ஏழுகல்துறைக்குத் தெற்கே கடல், வடக்கே காயல், காயலுக்கு அப்பால் மலை என்று எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்த காலத்தில், ஒரு மாசி மாதத்து அந்தி வேளையில், தோபியாஸ் தண்டல் தன் வீட்டு மொட்டைமாடியான மட்டுப்பாவில் தனியாக நின்று, துருவ நட்சத்திரம் என்கிற ஓடாவெள்ளியை வானத்திலிருந்து இறக்கி, கருப்பட்டிப் பாகு ஊற்றிய ஒரு வட்டிலில் விழ வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்ததல்ல. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

தண்டல் என்றால் பாய்த்தோணியை நடத்துகிறவர். முப்பது வருஷம் கூரை ஓடும் உப்பும் ஏற்றி மாலத்தீவுக்குப் போய், மாசிக் கருவாடு ஏற்றித் திரும்பி வந்தவர் தோபியாஸ். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது துறைமுக அலுவலகத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். சித்திரை முதல், கரை மறையும் தூரம் போகிற தோணிகளின் தண்டல்கள் எல்லாரும் செக்ஸ்டன்ட் என்கிற கருவியால் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து காட்டிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். மற்ற தண்டல்கள் கேட்டுச் சிரித்தார்கள், சிலர் தோணியை விற்றார்கள். நாலாம் வகுப்போடு நின்ற தோபியாஸ் சிரிக்கவில்லை. தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் ஒரு கருவி வாங்கினார். அந்த வருஷத்துக் கடைசிப் பயணத்தை மகன் எவரிஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு, தான் வீட்டில் இருந்து பழக ஆரம்பித்தார். யாராவது பார்த்தால் கை ஓடாது என்பதால் மட்டுப்பாவின் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்.

அந்தக் கருவியில் இரண்டு கண்ணாடிகள். ஒன்றின் வழியே எதிரே இருப்பது தெரியும். மற்றது மேலே இருப்பதைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் காட்டும். அடியில் உள்ள பித்தளைக் கையை மெல்ல நகர்த்தினால் நட்சத்திரம் கண்ணாடிக்குள் படிப்படியாக இறங்கி வந்து கடலின் விளிம்பைத் தொடும். எத்தனை பாகை நகர்த்தினோமோ அதுதான் நட்சத்திரத்தின் உயரம். ஆனால் ஏழுகல்துறைக்குக் கடல் தெற்கில், ஓடாவெள்ளி வடக்கில். வடக்கே தொடுவதற்கு விளிம்பு இல்லை, காயலும் தென்னையும்தான். அதற்குப் புத்தகத்தில் ஒரு வழி சொல்லியிருந்தது: ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி வைத்து, அதில் தெரியும் நிழலோடு மேலே இருக்கும் நட்சத்திரத்தைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் கருவி இரண்டு மடங்கு காட்டும், அதைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் காற்றுக்கு ஆடியது. கருப்பட்டியைக் காய்ச்சிப் பாகாக ஊற்றினால் ஆடவில்லை. கறுப்பாக, கெட்டியாக, முகம் பார்க்கிற மாதிரி நின்றது. பணியாரத்துக்கு வைத்திருந்த கருப்பட்டி இப்படிப் போகிறதே என்று மனைவி செசிலி சொன்னதோடு சரி, காய்ச்சிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் பழகியும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரே எண் வந்ததில்லை. ஒருநாள் பதினைந்து வரும், ஒருநாள் பதினெட்டு வரும். கை நடுங்கும், அல்லது எறும்பு வந்து பாகில் மிதக்கும். அன்று கை நடுங்கவில்லை. மேலே இருந்த புள்ளி இறங்கி வந்து வட்டிலில் இருந்த புள்ளியின்மேல் உட்கார்ந்தது, இரண்டும் ஒன்றாயின, அவர் மூச்சை விட்டுக் கருவியைக் கண்ணிலிருந்து எடுத்தார். வட்டிலில் புள்ளி இருந்தது. தலையை உயர்த்திப் பார்த்தார். வடக்கே, ஓடாவெள்ளி நிற்கிற இடத்தில், ஒன்றும் இல்லை.

கருவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பித்தளைக் கை ஓடிக் கடைசியில் போய் முட்டியது. அன்று காட்டிய எண் என்ன என்பது அத்தோடு போயிற்று. தோபியாஸ் குனிந்து வட்டிலைத் தொட்டுப் பார்த்தார், சுடவில்லை. குன்றிமணி அளவுக்கு ஒரு வெளிச்சம், பாகின் மேலே மிதந்துகொண்டு, வட்டிலின் வடக்கு விளிம்பில் போய் ஒட்டி நின்றது. வட்டிலைத் திருப்பினார். வெளிச்சம் நகர்ந்து மறுபடியும் வடக்கு விளிம்புக்கு வந்தது. அப்போதுதான் அவர் செசிலியைக் கூப்பிட்டார்.

செசிலி மாடி ஏறி வந்து, வட்டிலைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, புருஷனைப் பார்த்தாள். மூன்றில் எதைப் பார்த்து அவள் அதிகம் பயந்தாள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் வட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாகு சிந்தாமல் படி இறக்கி, அடுக்களையில் வைத்து ஓலைப் பெட்டியால் மூடினார்கள். ஓலை இடுக்குகள் வழியே வெளிச்சம் சுவர் முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே இருவரும் முதுகைச் சுவரில் சாய்த்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு ரெஜினா தேங்காய் கடன் கேட்டு வந்தாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெட்டியைப் பழையபடி மூடி, அதன்மேல் அம்மிக் குழவியை எடுத்து வைத்தாள்.

"கோழி கொத்திரப் போவுது மைனி" என்று சொல்லிவிட்டுத் தேங்காயை வாங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முந்தின நாள் அந்தியில் வடக்கே வெறுமையாக இருந்ததைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மேகம் என்று நினைத்திருந்தார்கள். இப்போது காரணம் தெரிந்ததும் அவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. காணாமல் போன பொருள் தெரிந்த வீட்டில் இருக்கிறது என்றால் அதைக் காணாமல் போனதாகவே யாரும் நினைப்பதில்லை. வரிசையாக வந்து பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிறைமாதக்காரிகள் பார்க்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள், பார்த்தே ஆக வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், அந்தப் பேச்சு முடிவதற்குள் நிறைமாதக்காரிகள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எறும்புகள் மட்டும் வட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் கட்டி நின்றன; ஓர் எறும்பும் ஏறவில்லை.

பங்குச் சாமியார் வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். தீர்த்தம் தெளிக்கலாமா என்று கேட்டார். பாகு நீர்த்துப்போகும் சாமி என்று தோபியாஸ் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சாமியார் யோசித்து, தெளிக்காமல் காற்றில் சிலுவை மட்டும் வரைந்துவிட்டுப் போனார்.

கொத்தனார் அருளப்பன் புதுவீட்டுக்கு மூலை பார்க்க வட்டிலை இரவல் கேட்டார். ஓடாவெள்ளி எந்தப் பக்கம் திருப்பினாலும் வடக்கே போய் நிற்கிறதே, இதைவிட நல்ல குறி கிடைக்குமா என்றார். அஸ்திவாரம் நேராக வந்தது. அதன் பிறகு கிணற்றுக்கு, ஆட்டுக் கொட்டிலுக்கு, கல்லறைக்குக் குழி வெட்ட என்று வட்டில் ஊரெல்லாம் போய்வந்தது. கோயிலைச் சுற்றி வட்டிலை வைத்துப் பார்த்தபோது, நூறு வருஷமாகக் கோயில் ஒரு முழம் கோணலாக நிற்பது தெரிந்தது. சாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கோயில் கோணல் இல்லை, வட்டில்தான் கோணல் என்று பூசையில் சொன்னார். ரெஜினா தன் பங்குக்கு, பாகு வற்றாமல் இருக்க நாளுக்கு ஒரு கரண்டி கருப்பட்டித் தண்ணீர் விட்டாள். ஊர் அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டது. ஊருக்குப் பழக ஒரு வாரம் போதும்.

தோபியாஸுக்கு மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு அந்தியிலும் மட்டுப்பாவில் ஏறி வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற வெள்ளிகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான் ஓடும். முளைக்குச்சியைச் சுற்றிக் கட்டிய மாடுகள் மாதிரி. இப்போது முளைக்குச்சி இல்லை. மாடுகள் இன்னும் பழைய பழக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் எந்த நேரத்தில் ஏதாவது ஒன்றுக்குக் கயிறு இல்லை என்று தெரிந்துவிடுமோ என்று அவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய பயம் கடலில் இருந்தது. அது செசிலிக்குச் சொல்லாமலே தெரியும்.

மாலத்தீவிலிருந்து ஏழுகல்துறைக்கு வருகிற வழி இதுதான். புறப்பட்டு வடக்கே வர வேண்டும். வர வர ஓடாவெள்ளி கடலின் விளிம்பிலிருந்து மேலே ஏறும். தண்டல் தோணியின் முன்முனையான அணியத்தில் நின்று கையை நீட்டி, கட்டைவிரலை மடக்கி, சுண்டுவிரலைக் கடலின் விளிம்பில் வைத்துப் பார்ப்பான். ஓடாவெள்ளி ஆள்காட்டி விரலின்மேல் வந்து உட்காரும் அன்று, அதாவது நாலு விரல் உயரம் ஏறிய அன்று, தோணியைக் கிழக்கே திருப்ப வேண்டும். திருப்பி நேரே வந்தால் ஊர். திசைகாட்டி இருக்கிறது, அது எது வடக்கு, எது கிழக்கு என்று சொல்லும், எங்கே திருப்புவது என்று சொல்லாது. ஒரு விரல் தப்பினால் கடலில் நூற்றிருபது மைல் தப்பும். முன்னால் திருப்பிவிட்டால் குமரிமுனைக்குத் தெற்கே நிலமே படாமல் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான், தண்ணீர்ப் பீப்பாய் தீரும்வரை. பின்னால் திருப்பினால் வடக்கே உள்ள பாறைக்கரை. அந்தத் தோணியில் எவரிஸ்டும் அவனோடு பத்துப் பேரும் இருந்தார்கள்.

முதல் சில நாள் அது அவசரமாகத் தெரியவில்லை. தோணி மாலத்தீவின் மாலித் துறையில் சரக்கு ஏற்றிக்கொண்டு நங்கூரத்தில்தான் இருக்கும். காற்று மாறி, வளர்பிறை ஏழு கழிந்து, இந்நேரம் பாய் விரித்திருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்த நாளில், அந்தப் பத்து வீட்டுப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக தோபியாஸ் வீட்டுக்கு வந்து, வட்டிலைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. இறக்கின கருவியாலேயே ஏற்றவும் முடியும் என்று அவர் சொன்னார். அப்படியென்றால் ஏன் ஏற்றவில்லை என்று ரெஜினா கேட்டாள். அவள் தம்பியும் அந்தத் தோணியில்தான் இருந்தான்.

"எந்த உயரத்துல வைக்கன்னு தெரியல பிள்ளே" என்றார் தோபியாஸ். "இல்லாத வெள்ளி யாரையும் ஏமாத்தாது. தப்பா நிக்கிற வெள்ளி ஏமாத்தும். இப்ப அவனுங்க வெள்ளி தெரியலன்னு பாயை இறக்கிட்டு மிதந்துக்கிட்டு இருப்பானுங்க. தப்பா வச்சா நம்பித் திருப்பிருவானுங்க."

ஊரில் எல்லாரும் அந்த வெள்ளியைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். எங்கே இருந்தது என்று கேட்டால் எல்லாரும் கையை நீட்டினார்கள், ஒருவர் நீட்டிய இடத்தில் மற்றவர் நீட்டவில்லை. காயலில் படகு விடுகிறவர் அக்கரைத் தென்னைக்கு மேலே ஒரு சாண் என்றார். எந்தத் தென்னை என்று கேட்டால், அது போன புயலில் விழுந்த தென்னை. கள் இறக்குகிறவர் ஒரு சாணும் இல்லை, தென்னந்தலையில் பூ வைத்த மாதிரி இருக்கும் என்றார். அவர் எப்போதும் இன்னொரு மரத்தின் உச்சியிலிருந்து பார்த்தவர். எப்போதும் இருப்பதை யாரும் அளந்து வைப்பதில்லை.

பள்ளிக்கூடத்துப் பொனிப்பாஸ் வாத்தியார் தேசப்படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு ஊர் எத்தனையாவது பாகையில் இருக்கிறதோ ஓடாவெள்ளி அந்த ஊருக்கு அத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்று அவர் சொன்னது தோபியாஸின் புத்தகத்திலும் இருந்தது. படத்தில் ஏழுகல்துறை இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வாத்தியார் அடிக்கோலை வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் வைத்து, எட்டேகால் என்றார். எட்டேகால்தானா என்று தோபியாஸ் கேட்டார். அடிக்கோல் அப்படித்தான் சொல்கிறது என்றார் வாத்தியார். நல்ல மனிதர், தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை.

அன்று அந்தியில் வட்டிலை மட்டுப்பாவுக்கு ஏற்றினார்கள். தெருவில் ஊர் கூடி நின்றது, விளக்கு ஏற்றக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இருட்டத் தொடங்கிய முகங்களோடு நின்றது. தோபியாஸ் கருவியைக் கண்ணில் வைத்தார். வாத்தியார் பக்கத்தில் நின்று எட்டேகால் என்று மெதுவாகச் சொன்னார். பித்தளைக் கையை எட்டேகாலுக்கு நகர்த்தினார். வட்டிலில் இருந்த வெளிச்சம் பாகிலிருந்து ஒரு நூல் இழுத்துக்கொண்டு பிரிந்து, மெல்ல மேலே போய், வடக்கே நின்றது. தெருவில் பெருமூச்சு எழுந்தது. யாரோ மரியே என்றார்கள்.

செசிலி மட்டும் நகரவில்லை. "ரொம்பத் தாழ இருக்கு" என்றாள்.

தாழத்தான் இருந்தது. வட்டிலில் பார்க்கும்போது கருவி இரண்டு மடங்கு காட்டும். எட்டேகால் வேண்டுமென்றால் பதினாறரைக்கு நகர்த்த வேண்டும். மூன்று மாதமாகத் தினமும் கணக்கின் கடைசியில் பாதியாக்கிப் பாதியாக்கிப் பழகிய மனிதர், ஊரின் மகன்களை வைத்து அளக்கிற ஒரே நாளில், பழக்கத்தால் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில், கடலில் எங்கோ மிதந்துகொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் என்று நினைத்து அவர் கருவியைத் தாழ்த்தினார். வாத்தியார் தோளைப் பிடித்துக்கொண்டார். தோபியாஸ் மறுபடியும் கருவியை எடுத்துப் பதினாறரைக்குக் கொண்டுபோனார். வெள்ளி ஏறியது, நின்றது. தாழ இல்லை. ஆனால் சரியா என்று யாருக்கும் தெரியவில்லை. கருவியோ ஒருமுறை கீழே விழுந்த கருவி. கண்ணாடி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் பதினாறரை பதினாறரை இல்லை.

அப்போது செசிலி ஒரு காரியம் செய்தாள். கொத்தனாரை மேலே கூப்பிட்டு, துணி காயப்போடும் கயிற்றை நீர்மட்டக் குழாய் பிடித்துத் தன் கண் உயரத்துக்குக் கட்டச் சொன்னாள். கடலில் நிற்பவனுக்குக் கடலின் விளிம்பு கண் உயரத்தில்தான் தெரியும் என்பது தண்டல் பெண்சாதிக்குத் தெரியாதா. தோபியாஸ் முதலில் தன் கையை நீட்டிப் பார்த்தார்; ஒரு தடவை மூன்று விரல் வந்தது, ஒரு தடவை நாலு வந்தது, பயந்த கை அளவு சொல்லாது. செசிலி, எவரிஸ்ட் வீட்டில் விட்டுப்போன முழுக்கைச் சட்டையை எடுத்துவந்து போட்டுக்கொண்டாள். அவனுக்கு அவள் விரல்கள். குட்டையான, கனத்த, நாலும் ஏறக்குறைய ஒரே நீளமான விரல்கள். சின்ன வயதில் அவனைப் பணியாரக்கை என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்ததே அதனால்தான். விரல் ஒன்று, கை நீளம் வேறு. சட்டைக்கை அவள் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. தொங்கின அளவுக்குத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கழுத்தில் நரம்பு புடைக்க, கையை நீட்டி, சுண்டுவிரலைக் கயிற்றின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"மூணரை விரல்தான் இருக்கு" என்றாள். "இன்னும் அரை விரல் ஏத்துங்க."

வாத்தியார் தேசப்படத்தைச் சுருட்டிப் பிடித்தபடி, உலகத்துக் கப்பல்கள் எல்லாம் இந்தக் கோடுகளை நம்பித்தானே போகின்றன என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரை விரல் என்றால் அறுபது மைல். தோபியாஸ் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கையில் கருவி கனத்தது.

"எவரிஸ்ட் தேசப்படத்தையா பாத்துக்கிட்டு வாரான்" என்றாள் செசிலி. "அவன் கையைப் பாத்துக்கிட்டு வாரான்."

தோபியாஸ் கருவியைக் கண்ணில் வைத்தார். எண்ணைப் பார்க்கவில்லை. அவள் போதும் என்று சொல்லும்வரை நகர்த்தினார். ஓடாவெள்ளி அரை விரல் ஏறி அவள் ஆள்காட்டி விரலின்மேல் உட்கார்ந்தது. வட்டிலில் வெறும் பாகு இருந்தது. எறும்புகள் உடனே ஏறின.

ஊர் தூங்கப் போயிற்று. ஒரு வாரம் வட்டிலோடு பழகிய ஊர், மறுநாளே வட்டில் இல்லாமலும் பழகிவிட்டது. தெற்கே பார்த்துப் பாய் வருகிறதா என்று தேட ஆரம்பித்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் புளியந்துறையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். இரண்டு துறை தள்ளி மேற்கே உள்ள ஊர் அது. பெயர் குருசம்மை என்றாள். ஏழுகல்துறைத் தண்டல் வீடு எது என்று கேட்டு, யாரோடும் பேசாமல் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வயது செசிலியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். அவள் மகன் சிலுவையும் தண்டல்தான். எவரிஸ்டின் தோணியோடு ஒரே நாளில் மாலிக்குப் போனவன், ஒரே காற்றில் திரும்புகிறவன். ஓடாவெள்ளி மறைந்ததும் திரும்பி வந்ததும் புளியந்துறைக்கும் தெரியும். யார் ஏற்றினது என்றும் தெரிந்துவிட்டது.

"ஒமக்க மேல வருத்தம் சொல்ல வரல அண்ணே" என்றாள். "கொஞ்சம் மேல ஏறிப் பாக்கட்டா?"

மூவரும் மட்டுப்பாவுக்கு ஏறினார்கள். கயிறு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. சூரியன் போய், வடக்கே வெளிச்சம் வடிந்து, ஓடாவெள்ளி வந்து நின்றதும், குருசம்மை குனிந்து கயிற்றுக்குக் கண்ணைக் கொண்டுபோய்க் கையை நீட்டினாள். நீளமான, மெலிந்த, வலை இழுத்துக் காய்த்த விரல்கள். கட்டைவிரலை மடக்கி, சுண்டுவிரலைக் கயிற்றில் வைத்தாள். ஓடாவெள்ளி அவள் ஆள்காட்டி விரலில் உட்காரவில்லை. அதற்கு மேலே, எட்டாமல், அரை விரல் தள்ளி நின்றது.

அவள் கையை இறக்கவில்லை.

"எனக்க பயலுக்கு எனக்க கைதான்" என்றாள். "ஊர்ல யார வேணும்னாலும் கேளும். நாலு விரல்ல திருப்புவான். இது இப்படி நின்னா அவன் முன்னாலயே திருப்பிருவான். முனைக்கு வெளிய போயிருவான்."

தோபியாஸுக்குக் கணக்கு தெரிந்தது. ஓடாவெள்ளி முன்பு நின்றது ஒரே உயரத்தில்தான், இரண்டு மகன்களும் அந்த ஒரே உயரத்தைத்தான் தங்கள் விரலால் அளந்து நாலு என்று மனதில் வைத்துக்கொண்டு போனார்கள். அப்படியானால் இந்த இரண்டு அம்மாக்களின் கைகளில் ஒன்று மகனுடைய கை இல்லை. எது என்று கேட்க யாரும் இல்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. குருசம்மையின் கைப்படி வைத்தால், செசிலியின் கை சரியாக இருக்கும் பட்சத்தில், இரண்டு தோணிகளும் அறுபது மைல் வடக்கே பாறைக்கரைக்குப் போகும். இப்படியே விட்டால், குருசம்மையின் கை சரியாக இருக்கும் பட்சத்தில், இரண்டு தோணிகளும் முனைக்கு வெளியே போகும். போகிறது ஒரு மகன் இல்லை, இரண்டு மகன்களும்தான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செசிலி கீழே போனாள். அடுக்களையில் பானை உருளும் சத்தம் கேட்டது, பிறகு கருப்பட்டி உடைக்கும் சத்தம். காய்ச்சின பாகோடு வட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"அம்பது மைல்ல இருந்தாலும் மலை தெரியும்னு சொல்லுவியளே" என்றாள் புருஷனிடம்.

மேக மப்பு இல்லாவிட்டால் தெரியும் என்றார் அவர். அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அரை விரலில் பாதி, கால் விரல். கால் விரல் என்றால் முப்பது மைல். இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தால் எது சரியோ அதற்கு முப்பது மைல் தப்பும். யாரும் ஊருக்கு நேரே வர மாட்டார்கள், யாரும் மலை மறையும் தூரத்துக்கும் போக மாட்டார்கள். மலை தெரிந்தால் பிழைத்துக்கொள்வார்கள். வடக்கே தப்பினாலும் தெற்கே தப்பினாலும் மலையைப் பார்த்துத் திருத்திக்கொண்டு வருவார்கள்.

ஒரு மனிதன் தெரிந்தே தப்பாக அளப்பது எவ்வளவு பயமான காரியம் என்று அன்றுதான் தோபியாஸுக்குத் தெரிந்தது. ஓடாவெள்ளியைக் கருவிக்குள் கொண்டுவந்து வட்டில்வரை இறக்கினார். பாகில் அது விழுந்ததும் மூவர் முகத்திலும் வெளிச்சம் பட்டது. பிறகு மறுபடியும் ஏற்றினார். கயிற்றின் ஒரு பக்கம் செசிலி, எவரிஸ்டின் சட்டையோடு, மறுபக்கம் குருசம்மை. இருவரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்குக் கால் விரல் குறைய, மற்றவளுக்குக் கால் விரல் கூட, இரண்டு விரல் நுனிகளுக்கும் நடுவே ஓடாவெள்ளியை நிறுத்தினார். போதுமா என்று அவர் கேட்கவில்லை. போதும் என்று அவர்களும் சொல்லவில்லை.

குருசம்மை ஊருக்குப் போகவில்லை. மறுநாள் காலை மூவரும் மட்டுப்பாவில் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல், வடக்கே மலையைப் பார்த்தார்கள். கீழே தெருவில் போனவர்கள், பாய் வருகிற திசை இந்தப் பக்கம் அல்லவா என்று கேலியாகச் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு போனார்கள். மலை அன்று சுத்தமாகத் தெரிந்தது, அடிவாரத்து ரப்பர் மரங்கள்வரை. அதற்கடுத்த நாளும் தெரிந்தது. உச்சியில் ஒரு கைக்குட்டை அளவு மேகம் வந்தால் செசிலி எழுந்து நிற்பாள், அது கலைந்தால் உட்காருவாள். ரெஜினா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து மலையைப் பார்த்தாள்.

அதற்கும் அடுத்த நாள் மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கியது. உச்சி போயிற்று, தோள் போயிற்று, பிறகு மலையே இருந்ததாகத் தெரியவில்லை. காயலுக்கு அப்பால் சாம்பல்தான். குருசம்மை முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல், அப்போதுதான் எல்லாரும் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள்.

தூரத்தில், மேகத்துக்குக் கீழே, ஒரு பாய். ஒன்றே ஒன்று. சாய்ந்து, காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து, வர வேண்டிய வழி இல்லாத வழியில் வந்துகொண்டிருந்தது. எந்த ஊர்ப் பாய் என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாத தூரம். எவரிஸ்டின் பாயில் நடுவே காவி நிறத்தில் ஓர் ஒட்டு இருக்கும். சிலுவையின் பாய் புதுப்பாய்.

தோபியாஸின் மடியில் கருவி இருந்தது. அதில் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஒரு குழாய் உண்டு. கண்ணில் வைத்தால் ஒட்டு தெரிந்துவிடும். இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குருசம்மையின் கை செசிலியின் கைக்குள் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது.

"பாக்கட்டா?" என்று தோபியாஸ் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் செசிலி. "இழுக்காதீங்க. தானா வரட்டும்."

அவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பாய் வந்துகொண்டிருந்தது.